எண்ணெய்க் குப்பியைக் கீழே வையுங்கள்

பழந்துப்பாக்கிகளைப் பேணிவரும் அருங்காட்சியகக் காப்பாளர்களே, காட்சிக்கூட உதவியாளர்களே, முன்னோர் விட்டுச்சென்ற துப்பாக்கியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காத்துவரும் அரண்மனை, ஜமீன் குடும்பத்தாரே,

உங்கள் முன் ஒரு வேண்டுகோளை வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். இனி ஒருபோதும் சுடப்போவதில்லை என்று முடிவாகிவிட்ட பழந்துப்பாக்கிகளுக்கு எண்ணெய் தடவுவதையும், அவற்றைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவதையும் நிறுத்திவிடுங்கள். அவற்றை முறையாகச் சுத்தம் செய்து, மெல்லிய மெழுகுப் பூச்சிட்டுக் காத்து வையுங்கள். உங்களுக்கு அக்கறை இல்லை என்று நான் குறை சொல்ல வரவில்லை. அக்கறை இருப்பதால்தான் ஆண்டுதோறும் அவற்றை வெளியே எடுத்துத் துடைக்கிறீர்கள், எண்ணெய் இடுகிறீர்கள், பித்தளைப் பூண்களை மினுக்குகிறீர்கள். ஆனால் அந்தப் பராமரிப்பு முறை, நாளை போருக்கோ வேட்டைக்கோ கொண்டுபோக வேண்டிய துப்பாக்கிக்கு ஏற்பட்டது. உங்கள் கையில் இருப்பதோ வரலாற்றுச் சான்று. ஆயுதத்துக்குச் செய்யும் பணிவிடையைச் சான்றுக்குச் செய்தால், காப்பாற்றும் கையே அதைச் சிறுகச் சிறுக அழித்துவிடும்.

உங்களிடம் இருப்பது எத்தனை அரியது என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தபின் தஞ்சை அரசைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக நிறைந்திருந்த அரண்மனை ஆயுதசாலையில் பெருமளவு பழைய இரும்பாக உடைபட்டுப் போயிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பகுதி மட்டும் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தது. எழும்பூரில் இன்று நாம் காணும் தஞ்சை ஆயுதங்கள் அப்படித் தப்பியவை. இந்தத் தப்பிப் பிழைத்த சிறு பங்கில் ஒவ்வொரு துப்பாக்கியும் சொல்லவேண்டிய செய்தி அதன் மேற்பரப்பிலேதான் இருக்கிறது. குழலில் பொறித்த கொல்லர் முத்திரை, ஆயுதசாலை எண், முறுக்கி அடித்த இரும்பின் நெளிநெளியான கோலம், இரும்பைக் கீறிப் பதித்த பொன்கம்பி வேலைப்பாடு, வேண்டுமென்றே ஏற்றப்பட்ட பழுப்பு நிறம் அல்லது கருநீலம் எல்லாம் மேல்தோலின் மிகச் சிறிய கனத்துக்குள் அடங்கியவை. உப்புத்தாளும் மெருகுப் பசையும் முதலில் தின்பது அந்தத் தோலைத்தான். கண்ணாடிபோல் மின்னும் குழலைப் பார்வையாளர் வியந்து பார்க்கலாம். ஆய்வாளருக்கு அதில் படிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. துருப்பிடித்துக் கெட்டதைக்கூட ஓரளவு மீட்கலாம். தேய்த்து அழித்த முத்திரையை எவராலும் மீட்க முடியாது.

அப்படியானால் துருவை என்ன செய்வது என்று கேட்பீர்கள். துரு எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது விளங்கும். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீர் கொட்ட வேண்டியதில்லை. காற்றிலுள்ள ஈரமே போதும். டபிள்யூ. எச். ஜே. வெர்னன் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் 1920-களிலும் 1930-களிலும் நடத்திய ஆய்வுகள், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டியதும், மாசு கலந்த காற்றில் துருவின் வேகம் திடீரென ஏறுவதைக் காட்டின. நம் கடற்கரை ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி காற்று அந்த எல்லைக்கு மேலேதான் நிற்கிறது. அதோடு கடற்காற்றில் உப்பு வேறு வருகிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். துருவுக்கு அடியில் புகுந்து மேலும் துருவை வளர்க்கும். வெறுங்கையால் குழலைத் தொட்டால் விரல்ரேகையில் இருக்கும் வியர்வை உப்பே சில நாட்களில் ரேகை வடிவத்தில் துருவாக எழும்பும். துப்பாக்கிக்கு உள்ளேயும் உப்பு இருக்கிறது. வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த பழைய மருந்து எரிந்தபின் குழலில் தங்கும் கசடு ஈரத்தை உறிஞ்சும் உப்புகளால் ஆனது. மருந்தைப் பற்றவைக்கும் பழைய கேப்புகளில் இருந்த பொட்டாசியம் குளோரேட்டோ எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படிந்துவிடும். அது கடலுப்பின் நெருங்கிய உறவு.

இத்தனைக்கும் எதிராக நாம் நம்பியிருப்பது எண்ணெயை. எண்ணெய் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதன் இயல்பு இந்த வேலைக்கு ஒத்துவராது என்கிறேன். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் நாள்பட்டால் காறிப்போகும். காறிய எண்ணெயில் பெருகும் கொழுப்பு அமிலங்கள் இரும்பையும் அரிக்கும், பித்தளையைப் பச்சையாக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டுப் பிசினாக இறுகும். அப்புறம் அதை எடுப்பதே பெரும்பாடு. கனிம எண்ணெய் காறாது, இறுகாது. ஆனால் ஓரிடத்தில் நிற்காது. செங்குத்தாக நிறுத்திய குழலில் அது மெல்ல வழிந்து இறங்கும். மேல்பகுதி வறண்டுபோகும், கீழ்ப்பகுதியில் எண்ணெய் தேங்கும். தேங்கிய எண்ணெய் விசைப்பொறி பதிந்திருக்கும் இடத்தில் மரக்கட்டைக்குள் ஊறும். ஆண்டுக்கணக்கில் எண்ணெய் குடித்த கட்டை கறுத்து, நார் இளகி, திருகுகள் பிடிமானம் இழக்கும். பழந்துப்பாக்கியில் கட்டை விசைப்பொறிக்குப் பின்னால் மெலியும் இடத்தில் விரிசல் விட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணெய்ப்பசை தூசியையும் பிடித்து வைக்கும். தூசியில் உப்பும் ஈரமும் உண்டு. சில மாதங்களில் குழலின்மேல் ஈரத்தைத் தேக்கிவைக்கும் அழுக்குப் படலம் ஒன்று உருவாகிவிடும். உடனே மீண்டும் துடைக்கிறோம், மீண்டும் எண்ணெய் இடுகிறோம். ஒவ்வொரு துடைப்பிலும் தூசியில் கிடக்கும் மணல் துகள் உப்புத்தாள் வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

மெழுகு இந்தக் குறைகளுக்கு நேர் விடையாக அமைகிறது. பூசிய இடத்தில் நிற்கும், வழியாது. காய்ந்தபின் ஒட்டாது, தூசி படிந்தாலும் மென்துணியால் தட்டி எடுத்துவிடலாம். மெருகுள்ள மரத்துக்குள் ஊறாமல் மேலேயே தங்கும். கையுறை இல்லாமல் யாரோ தொட்டுவிட்டால்கூட வியர்வை இரும்பை நேரடியாக அடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டாம் என்றால் பொருளுக்குத் தீங்கின்றி அதைக் கரைத்து எடுத்துவிடலாம். இன்று நாம் செய்வதை நாளை வருபவர்கள் மாற்ற விரும்பினால் மாற்ற முடியவேண்டும் என்பது பாதுகாப்பியலின் அடிப்படை நெறி. அந்த நெறிக்கு மெழுகைப்போல் பணிந்து நடக்கும் பூச்சு மிகக் குறைவு. இது புதிதாக யாரோ கிளப்பிவிட்ட கருத்தும் அல்ல. 1950-களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் ஏ. ஈ. ஏ. வெர்னரும் அவருடைய சகாக்களும் பழைய மெழுகுகளின் குறைகளை ஆராய்ந்து, பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுக்கும் நுண்படிக மெழுகை அடிப்படையாகக் கொண்டு ஒரு கலவையை உருவாக்கினார்கள். 100 கிராம் நுண்படிக மெழுகு, கடினம் கூட்ட 25 கிராம் பாலிஎத்திலீன் மெழுகு, கரைப்பதற்கு 300 மில்லிலிட்டர் ஒயிட் ஸ்பிரிட் என்பது அதன் அளவு. ‘ரெனைசன்ஸ் வேக்ஸ்’ என்ற பெயரில் அது பின்னர் விற்பனைக்கு வந்தது. உலகின் பல அருங்காட்சியகங்களில் வாளுக்கும் கவசத்துக்கும் துப்பாக்கிக்கும் இன்று இத்தகைய மெழுகைத்தான் பூசுகிறார்கள்.

மெழுகு என்றதும் தேன்மெழுகு நினைவுக்கு வரும். நம் மண்ணிலேயே கிடைக்கிறதே, சிலை வார்க்கிற ஸ்தபதியும் அதைத்தானே நம்புகிறார், அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எண்ணெயைவிடத் தேன்மெழுகு மேல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ஏறக்குறைய 12 விழுக்காடு தனித்த கொழுப்பு அமிலங்கள் உள்ளன. பித்தளைப் பூணிலும் செம்புப் பட்டையிலும் பட்டால் அவை நாளடைவில் உலோகத்தோடு சேர்ந்து பச்சைக் களிம்பாகத் திரளும். அடுத்தது வெப்பம். தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியசில் என்றாலும், முப்பதைத் தாண்டும்போதே இளகத் தொடங்கிவிடும். குளிர்நாட்டில் இறுகி நிற்கும் தேன்மெழுகு நம் சித்திரை வெயிலில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். நுண்படிக மெழுகில் அமிலம் இல்லை. படிகங்கள் மிக நுண்ணியவை என்பதால் அது உலோகத்தோடு நெருங்கி ஒட்டுகிறது, எளிதில் வெடிப்பதில்லை, நம் கோடையையும் தாங்குகிறது. பாரஃபின் மெழுகுவத்தியை உருக்கிப் பூசலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். அதன் படிகங்கள் பெரியவை. பூச்சு நொறுங்கி, வெடிப்புகளின் வழியே ஈரம் புகும்.

உங்களில் அனுபவம் மிக்கவர்கள் இன்னொரு மறுப்பை எழுப்புவீர்கள்: “பட்டாளத்திலும் போலீசிலும் இன்றுவரை எண்ணெய்தானே போடுகிறார்கள்? அவர்களுக்குத் தெரியாததா?” அவர்களுக்கு நன்றாகவே தெரியும்; அவர்கள் செய்வது அவர்களுக்குச் சரி. பணியில் இருக்கும் துப்பாக்கியின் பாகங்கள் ஒன்றோடொன்று உரசி இயங்கவேண்டும், அதற்கு வழுவழுப்பு வேண்டும். அதைச் சில நாட்களுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துப் புதிதாக எண்ணெய் இட ஒருவர் பொறுப்பில் இருக்கிறார். எண்ணெயின் குறைகளை அந்த இடைவிடாத கவனிப்பு ஈடுகட்டிவிடுகிறது. அருங்காட்சியகத்தில் அந்தக் கவனிப்பும் இல்லை, இயக்கமும் இல்லை. அதே இராணுவங்கள் துப்பாக்கிகளை ஆண்டுக்கணக்கில் கிடங்கில் போடவேண்டி வந்தபோது என்ன செய்தன என்பதையும் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத் துப்பாக்கிகளைக் காஸ்மோலின் போன்ற, பெட்ரோலிய மெழுகும் எண்ணெயும் கலந்த கெட்டிப் பூச்சில் முழுக்கி எடுத்துப் பெட்டியில் அடுக்கினார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத் திறந்தபோது உள்ளே இரும்பு புதிதாக இருந்தது. தொடாமல் நெடுங்காலம் வைக்கவேண்டியதை மெல்லிய எண்ணெயிடம் ஒப்படைக்க முடியாது, இடத்தைவிட்டு நகராத ஒரு பூச்சு வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. காட்சிக்கு வைக்கும் பொருளுக்குக் காஸ்மோலின் பொருந்தாது. அது அருவருப்பான தோற்றம் தரும், மரத்திலும் ஊறும். அதே கொள்கை, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வடிவில் வரும்போது நுண்படிக மெழுகாகிறது.

மெழுகுக்கும் எல்லைகள் உண்டு. அவற்றை மறைத்து உங்களை இணங்கவைக்க நான் விரும்பவில்லை. மெழுகு ஈரத்தின் வருகையைத் தாமதப்படுத்தும், அடியோடு நிறுத்தாது. ஆகவே பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைப்பதும், பகலில் குளிரூட்டி இரவில் அணைத்துவிடும் பழக்கத்தைக் கைவிடுவதும் மெழுகு பூசியபிறகும் தேவைதான். உப்பு இருக்கும் இடத்தின்மேல் மெழுகு பூசினால் பகைவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியதாக ஆகும். அடியில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும். எண்ணெயைப்போல் இண்டு இடுக்குகளுக்குள் தானாகப் புகவும் மெழுகால் முடியாது. விசைப்பொறியின் உள்ளே இருக்கும் வில்லுக்கும் அச்சுக்கும் காறாத கனிம எண்ணெய் ஒரு துளி போதும், அதையும் பயிற்சி பெற்றவர் இடவேண்டும். தோல்வாரிலும், துணியாலோ நூலாலோ ஆன திரியிலும் மெழுகு படக்கூடாது. வெடித்துப் பிளந்த, மெருகில்லாத மரத்தில் மெழுகு புகுந்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பாரலாய்ட் போன்ற அக்ரிலிக் பிசின் பூச்சுகள் இதைவிட வலுவாக ஈரத்தைத் தடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் அவை செயற்கை மினுமினுப்பைத் தரும். சரியாகப் பூசத் தேர்ந்த கை வேண்டும். எடுக்கவும் வலிய கரைப்பான் வேண்டும். கூரையின்கீழ், பெட்டிக்குள் இருக்கும் துப்பாக்கிக்கு அவ்வளவு வலிமை தேவைப்படுவது அரிது.

செய்முறையில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கவேண்டியது ஒரு சோதனை. வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழந்துப்பாக்கிகளில், கெட்டித்த மருந்தும் ரவையும் தலைமுறைகளாக உள்ளேயே கிடப்பது அரிய செய்தியல்ல. காய்ந்த மருந்து நூறாண்டு கழித்தும் வெடிக்கும். ஆகவே குழலின் வாய் யாரை நோக்கியும் இல்லாதபடி வைத்து, மரக்கோல் ஒன்றை மெல்ல உள்ளே விட்டு, வாயருகே அதில் அடையாளமிடுங்கள். பிறகு கோலை வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி, தீப்பற்றும் துளை இருக்கும் இடத்துக்கு முன்னதாகவே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். அதற்குமேல் நீங்கள் தொடக்கூடாது. காவல்துறையின் வெடிபொருள் வல்லுநரை அழையுங்கள். காலியென்று உறுதியானபின், கையுறை அணிந்து, மென்தூரிகையால் தூசியை நீக்குங்கள். உலோகத்திலிருக்கும் பழைய எண்ணெய்ப் பிசுக்கை, பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன் வகைக் கரைப்பானில் நனைத்த பஞ்சால் எடுங்கள். மரத்தின் மெருகில் அது படவேண்டாம். கறுத்து இறுகி அமைதியாக இருக்கும் பழைய துருவைச் சுரண்டாதீர்கள். செம்மஞ்சளாகப் பொடி உதிரும் துருதான் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதைமட்டும் பாதுகாப்பியலாளரின் மேற்பார்வையில் நீக்கவேண்டும். ஈரம் துளியும் இல்லாதபடி உலர்ந்தபின், மென்துணியில் மிகச் சிறிதளவு மெழுகெடுத்து, கையகலப் பரப்பாகப் பூசி, கரைப்பான் ஆவியாகச் சில நிமிடம் விட்டு, வேறொரு துணியால் இலேசாகத் தேயுங்கள். தடிமனான ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சுகள் நன்று. செதுக்கு வேலைப்பாடு உள்ள இடங்களில் மென்தூரிகையால் பூசினால் வெள்ளைப் படிவு தங்காது. ஆண்டுக்கொரு முறை கண்ணால் ஆராய்ந்து, தேய்ந்த இடம் தெரிந்தால்மட்டும் மீண்டும் பூசினால் போதும்.

ஆயுத பூசையைப் பற்றியும் உங்களிடம் மனம்விட்டுப் பேசவேண்டும். கருவிகளை வணங்கும் அந்த நாள் நம் பண்பாட்டின் நல்ல முகங்களில் ஒன்று. அதை விடச்சொல்ல எனக்கு எண்ணமில்லை. ஆனால் அன்று நாம் என்ன செய்கிறோம்? புளிபோட்டுத் தேய்த்துப் பித்தளையைப் பொன்னாக்குகிறோம். அந்தப் புளித்தண்ணீர் வழிந்து இரும்புக்கும் மரத்துக்கும் இடையில் இறங்குகிறது. தண்ணீரில் குழைத்த சந்தனத்தைக் குழலில் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, வாடும்வரை பூமாலை சாத்துகிறோம். சந்தனம் காய்ந்து உதிர்ந்தபின் அதே வட்டத்தில் துரு பூக்கிறது. பூசைக்கு வைக்கும் எலுமிச்சையின் அமிலம் இரும்பில் பட்ட இடம் அரித்து வெளிறுகிறது. பயன்பாட்டிலுள்ள அரிவாளுக்கு இதனால் பெரிய கேடில்லை, மறுநாளே சாணை பிடித்துவிடுவார்கள். இருநூறு ஆண்டுப் பழமை கொண்ட குழலுக்கு அந்த வசதி இல்லை. துப்பாக்கியைச் சுத்தமான துணி விரித்த பலகையில் கிடத்தி, சந்தனத்தையும் குங்குமத்தையும் அந்தப் பலகைக்கு இடுங்கள். மாலையைப் பலகைக்குச் சூட்டுங்கள். பூசையின் பொருளும் குறையாது, பொருளுக்கும் ஊறு நேராது.

கடைசியாகப் பணம். அயல்நாட்டு மெழுகு டப்பா விலை அதிகம் என்பீர்கள். ஒரு துப்பாக்கிக்குத் தேவைப்படுவது விரல்நுனியளவு என்பதால் சிறிய டப்பா ஒன்றே பல துப்பாக்கிகளுக்கு வரும். ஆண்டு முழுவதும் துடைக்கும் துணிக்கும் எண்ணெய்க்கும் ஆட்கூலிக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல வழியும் நம்மிடம் இருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் 1930-இல் தொடங்கப்பட்டது. வேதியியலாளர் எஸ். பரமசிவன் அங்கிருந்துதான் செப்புத் திருமேனிகளை அரிப்பிலிருந்து மீட்கும் மின்வேதியியல் முறைகளை நடைமுறைப்படுத்தினார். அத்தனை பழைய மரபுள்ள ஆய்வுக்கூடத்துக்கு மேலே சொன்ன மூன்று பொருள்களை அளந்து கலக்குவது கடினமான வேலையே அல்ல. நுண்படிக மெழுகு நம் நாட்டுச் சந்தையிலேயே கிடைக்கிறது. அங்கே மெழுகைத் தயாரித்து மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு அனுப்பலாம். தனியாரிடமும் நியாய விலைக்குக் கொடுக்கலாம். கேட்பதற்கு ஆள் இருந்தால்தானே கொடுப்பவர்கள் முன்வருவார்கள்? நீங்கள் கேட்கவேண்டும் என்பதற்காகவும் இந்த மடலை எழுதுகிறேன்.

ஆகவே என் வேண்டுகோளைத் தொகுத்துச் சொல்கிறேன். அருங்காட்சியகக் காப்பாளர்களே, உங்கள் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு துப்பாக்கியின் இன்றைய நிலையையும் படமெடுத்துப் பதிவேட்டில் எழுதுங்கள்; எந்த நாளில் எது பூசப்பட்டது என்பதும் அதில் இருக்கட்டும். மெருகுப் பசையையும் உப்புத்தாளையும் காட்சிக்கூடத்திலிருந்து வெளியேற்றுங்கள். துடைக்கும் வேலையைச் செய்யும் உதவியாளருக்கு முதலில் பயிற்சி கொடுங்கள். பொருளின் ஆயுள் அவர் விரல்களில்தான் இருக்கிறது. உதவியாளர்களே, பளபளக்கவில்லை என்று மேலதிகாரி கடிந்துகொண்டால் இந்தக் காரணங்களை எடுத்துச் சொல்லத் தயங்காதீர்கள். அரண்மனை, ஜமீன் குடும்பத்தாரே, ஆயுதச் சட்டமும் தொல்பொருள் சட்டமும் கேட்கும் ஆவணங்களைச் சரியாக வைத்திருப்பதோடு கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். பொருளைக் கெடாமல் ஒப்படைப்பதும் உங்கள் கடமை. அடுத்த பூசைக்கு முன்பாக, ஒரே ஒரு துப்பாக்கியில் இந்த முறையைத் தொடங்கிப் பாருங்கள். எண்ணெயிட்ட மற்றொன்றை அதன் அருகிலேயே வைத்து, ஒரு மழைக்காலம் கழித்து இரண்டையும் ஒப்பிடுங்கள். நான் சொன்னதை நம்பவேண்டாம். அந்த இரும்பு காட்டுவதைப் பார்த்து முடிவெடுங்கள். முடிவெடுத்தபின் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் பொறுப்பை மதிக்கும்,
ஒரு வாசகர்